கலியாண விருந்தில் பரிமாறும் கை

(ஆரணியில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



கலியாண வரவேற்பில் 'பஃபே' என்னும் நூதன முறையால் விருந்திடுதல் தக்கதா, தகாததா என்பது பற்றிச் சில சொல்லுமாறு அடியேன் பணிக்கப்பட்டேன். நமது ஆரணி பட்டுக்கும் அரிசிக்கும் பெயர்பெற்ற ஊர். மணமகள் உடுப்பது ஒன்று. வந்தோர் உண்பது மற்றொன்று. ஆதலின் இவ்விஷயம் நமக்கு அயலானதன்று.

முதற்கண் சொற்பொருளை நோக்குவோம். 'விருந்து' என்பதன் முதற்பொருள் புதுமை. தொல்காப்பியனார் செய்யுளின் வனப்பு எட்டனுள் ஒன்றை 'விருந்து' என வழங்கியதும் அப்பொருள் பற்றியே. அச்சொல் பின்னர்ப் புதிதாய் வந்த மனிதர்க்கும், அதன்பின் அவர்க்கிடும் உணவுக்கும் பெயராயிற்று. ஆகவே விருந்தில் முன்னிற்பவர் மனிதர். சோறு அவர்க்குப் பின்னதே. 'பரிமாறுதல்' என்னுஞ் சொல்லோ உணவு படைத்தலையும் குறிக்கும். ஒருவர்க்கொருவர் கொடுத்து வாங்குதலையும் குறிக்கும். இடுவார் ஒருவரும் ஏற்பார் ஒருவருமாக இருவர் இருந்தாலன்றி அச்சொல்லுக்கு இடமில்லை.

'பஃபே' என்பது பிரெஞ்சு மொழிச் சொல். பண்டங்களை எடுத்து வைக்கும் பக்கமேசைக்கு அது பெயர். சுவீடன் தேசத்தாரிடத்தும் 'ஸ்மோர்காஸ்போர்டு' என்று இத்தகைய வழக்கம் ஒன்று உண்டு. 1939-இல் நியூயார்க் நகரில் நடந்த உலகக் கண்காட்சியால் அது பல நாட்டார்க்கும் அறிமுகமாயிற்று. பிறநாட்டு வழக்கம் என்ற ஒரு காரணத்தால் அதனைத் தள்ளுதல் நியாயமன்று. நமது பந்தி முறையும் குற்றமற்றதென்று கூறவொண்ணாது.

வ. வே. சு. ஐயர் 1922-இல் சேரன்மாதேவியில் நிறுவிய குருகுலத்தில், பிராமண மாணவர் சிலர்க்குத் தனியே உணவிட்டது தமிழகமெங்கும் பெருங்கிளர்ச்சிக்குக் காரணமாயிற்று. உடன் உண்ணுதல் எத்துணைப் பெரிய காரியம் என்பதற்கு அதுவே சான்று. வந்தவர் இன்னார் என்று பார்த்து இலைபோடும் பந்தியைவிட, எல்லாரும் ஒரே வரிசையில் தட்டேந்தி நிற்கும் பஃபே ஆயிரமடங்கு மேலானது. அன்றியும், மாலை வரவேற்புக்கு ஆயிரம் பேர் வருகின்றனர். உண்ணுமிடத்திலோ இருநூறு இலைக்கே இடம். உண்பவர் நாற்காலிக்குப் பின்னே மற்றொருவர் காத்து நிற்க, அவர் முகத்துக்கு அஞ்சி அரைவயிற்றில் எழுபவர் எத்தனைபேர்! இவ்விடர் நீங்கவே பலர் பஃபேயை நாடுகின்றனர்.

எனினும் அம்முறையில் வரும் குறைகளையும் எண்ணல் வேண்டும். முழங்கால் நோவுள்ள பாட்டி தட்டேந்தி எவ்வளவு நேரம் நிற்பாள்? இடுப்பில் குழந்தை வைத்திருக்கும் தாய் எந்தக் கையால் எடுப்பாள், எந்தக் கையால் உண்பாள்? பல நாள் தறியில் அமர்ந்து நெய்த பட்டின்மேல் நெரிசலில் சாம்பார் சிந்துவதைக் காணும் நெசவாளியின் மனம் என்ன பாடுபடும்! கூச்சமுள்ள ஏழை உறவினரோ ஒருமுறை எடுத்தபின் மறுமுறை செல்லார். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள் மாமா" என்று சொல்ல அங்கே ஒருவருமில்லை.

இலையில் கேளாமல் வைத்து வீணாக்குகிறோம். தட்டிலோ, மீண்டும் வரிசையில் நிற்க நேருமென்று அஞ்சி ஒருங்கே குவித்து வீணாக்குகிறோம். ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024-இல் வெளியிட்ட கணக்கின்படி, 2022-இல் மாத்திரம் உலகில் வீணான உணவு ஏறக்குறைய 105 கோடி டன். அதில் நம் எச்சிலிலையும் சேர்ந்ததே.

சுகாதாரமும் நோக்கத்தக்கது. சமைத்த உணவைப் பரிமாறும்வரை 60 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் வைத்தல் வேண்டும் என்றும், சாதாரண வெப்பத்தில் 2 மணி நேரத்துக்குமேல் வைத்தலாகாது என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மாலை 6 மணிக்குத் திறந்த பாத்திரம் 10 மணிவரை ஆறிக்கிடப்பது அபாயம். இனி, 'பார்பிக்யூ' எனக் கரிநெருப்பில் வாட்டித் தருவதும் புகுந்திருக்கிறது. மூடிய மண்டபத்துள் அதனை வைத்தலாகாது. கரி எரியுங்கால் கார்பன் மோனாக்சைடு என்னும் நிறமும் மணமுமற்ற நச்சுவாயு உண்டாகும்.

இவையனைத்தினும் பெரிது கடன். பஃபே என்றவுடன் பண்டங்களின் எண்ணிக்கை பெருகுகிறது. எதிர்வீட்டார் இருபது வைத்தால் நாம் முப்பது வைக்க வேண்டுமென்று தோன்றுகிறது. அம்முப்பதுக்கு வாங்கிய கடனைப் புதுமணத் தம்பதிகளும் சேர்ந்தன்றோ அடைக்கின்றனர்! 2020-இல் கொரோனா நோய் பரவியபோது கலியாணத்துக்கு 50 பேருக்கு மேற்படலாகாதென்று அரசாங்கம் விதித்தது. அன்று தாலி கட்டிய தம்பதிகளின் இல்லறம் எவ்வகையிலேனும் குறைந்ததுண்டா?

ஆதலின் அன்பர்களே, அடியேன் வேண்டுவன நான்கே. முகூர்த்தச் சாப்பாடு பந்தியாகவே இருக்கட்டும். அப்பந்தியில் வேற்றுமை எதுவும் வேண்டா. மாலையில் கூட்டம் மிகுமாயின் பஃபே வைக்கலாம். ஆயின் முதியோர்க்கும் குழந்தையுடன் வருவோர்க்கும் ஒருபுறம் நாற்காலியும் இலையும் இட்டு, வீட்டாரே பரிமாறுக. பண்டங்கள் பத்துக்குமேல் வேண்டா. மிஞ்சுவதை ஆறவிடாமல் உரியவர்க்கு அனுப்ப முன்னரே ஏற்பாடு செய்க. அவ்வாறு வழங்குவதற்கென்றே 2019-இல் இந்திய அரசாங்கத்தார் விதிகள் வகுத்துள்ளனர்.

சமையலைக் கூலிக்கு விடலாம். பாத்திரத்தையும் வாடகைக்கு எடுக்கலாம். வந்தவர் வயிறார உண்டாரா என்று பார்க்கும் கண்ணை மாத்திரம் வாடகைக்குப் பெற இயலாது. வீட்டுக்கொருவர் கரண்டி பிடித்து நின்றால், மேசையானாலும் இலையானாலும் அது விருந்தேயாம். இதனைச் சங்கத்தார் ஆலோசித்து முடிவு செய்வார்களாக.