கடை வாசலும் கடைத்தட்டும்
(விழிப்புலனற்றோர் உரிமை பற்றிய கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



அரசியல் மேடையில் மாவும் பருப்பும் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். பேசத்தான் வேண்டும்.

நம் ஊர்ப் பலசரக்குக் கடையை நினைத்துப் பாருங்கள். முதலாளி மேசைக்கு அப்பால் நிற்பார். பொருள்கள் அவருக்குப் பின்னால் இருக்கும். கண்ணுள்ளவரும் கேட்டே வாங்கினார். கண்ணில்லாதவரும் கேட்டே வாங்கினார். அரிசியை அள்ளி உரசிப் பார்க்கலாம். மல்லியை முகர்ந்து பார்க்கலாம். கருவாட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. 1916 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சோண்டர்ஸ் என்பவர் ‘பிக்லி விக்லி’ என்னும் கடையைத் திறந்து, வாங்குவோரே தட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும் முறையைப் புகுத்தினார். கடைக்காரர் வாயால் செய்த வேலை வாங்குவோரின் கண்ணுக்கு மாற்றப்பட்டது. அம்முறை இன்று நம் பட்டினங்களிலும் நிலைத்துவிட்டது. கண்ணுள்ளோருக்கு அது வசதி. ஏனையோருக்கோ முன்பிருந்த சமத்துவமும் போயிற்று.

அத்தகைய கடையில் விழிப்புலனற்ற தாய் ஒருவர் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மீன் அடைத்த தகரப்பேணியும் கடலை அடைத்த தகரப்பேணியும் கைக்கு ஒன்றே. விலை, நிறை, காலாவதித் திகதி யாவும் அச்சில் இருக்கின்றன. (அத்திகதியைக் கண்ணுள்ள நாமே மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் தேடுகிறோம் என்பது வேறு கதை.) ஊழியரை அழைத்தால் வருவார், அன்போடுதான் வருவார். ஆனால், தாயை விட்டுவிட்டு உடன் வந்த சிறுவனிடம், “அம்மாவுக்கு என்ன வேணும்?” என்று கேட்பார். இரண்டு மாவின் விலையை ஒப்பிடவும், எடுத்ததைத் திரும்ப வைக்கவும், பிறர் அறியாமல் வாங்க வேண்டியதை அவ்வாறே வாங்கவும் அத்தாய்க்கு வழியில்லை. உதவி கிடைக்கிறது, தெரிவு கிடைக்கவில்லை.

காசிலே நிலைமை சற்று மேல். நமது மத்திய வங்கி 2011 இல் வெளியிட்ட தாள்களில் பெறுமதி ஏற நீளமும் ஏறுகிறது. தடவியறியும் அடையாளமும் உண்டு. அமெரிக்காவிலோ ஒரு டொலரும் நூறு டொலரும் ஒரே அளவு. அது சட்டத்துக்கு முரணானது என்று 2008 இல் அந்நாட்டு மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று தீர்த்தது. வழக்குத் தொடுத்தவர்கள் விழிப்புலனற்றோரின் சங்கத்தினர். இரந்து நின்று பெற்ற தீர்ப்பன்று அது.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமலில்லை. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், பொதுமக்கள் செல்லும் எந்த இடத்துக்கும் செல்வதற்கோ அதை உபயோகிப்பதற்கோ உடற்குறையைக் காரணமாக்கித் தடை விதிக்கலாகாது என்கிறது. ‘செல்வது’ என்பதோடு அது நின்றுவிடவில்லை. ‘உபயோகிப்பது’ என்னும் சொல்லும் அதில் உண்டு. சட்டத் தொழிலில் பழகிய நாம் அச்சொல்லை எளிதில் விட்டுவிட மாட்டோம். வாசலைத் திறந்துவிட்டுத் தட்டை ஊமையாக்கி வைப்பது உபயோகமாகுமா? அணுகும் வசதியை வலியுறுத்தும் ஐக்கிய நாடுகள் சமவாயத்தையும் இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியிருக்கிறது.

தமிழ் மக்களுக்கு இதை விளக்க வேண்டிய அவசியமே இருக்கக்கூடாது. 1956 ஆம் ஆண்டின் சிங்களம் மட்டும் சட்டத்துக்குப் பின், அரசாங்கக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதை வாசித்துச் சொல்ல ஆள் தேடி அலைந்தவர்கள் நாம். “யாராவது வாசித்துச் சொல்வார்கள்தானே” என்ற சமாதானத்தை அன்று நாம் ஏற்கவில்லை. இன்று நம் சகோதரருக்கு அதே சமாதானத்தை நாமே சொல்கிறோம்.

முதற்படியாகக் கூட்டுறவுச் சங்கக் கடைகளிடம் கேட்போம். அவை அங்கத்தவர்களின் சொத்து. பொருளை வைத்த இடம் அடிக்கடி மாறக்கூடாது. தட்டின் விளிம்பில் பெயரும் விலையும் பிரெயில் எழுத்தில் இருக்க வேண்டும். கேட்டவருக்கு வாசித்துச் சொல்வது ஓர் ஊழியரின் கடமையாக எழுதப்பட வேண்டும். மீதிக்காசைத் தாள் தாளாகச் சொல்லிக் கையில் வைக்க வேண்டும். இவற்றைக் கேட்கும் விண்ணப்பம் வாசல் மேசையில் இருக்கிறது. பிரெயிற் பிரதியும் பக்கத்தில் உண்டு; வாசித்த பின்னரே ஒப்பமிடுங்கள்.