ஆசான் போன பிறகு

(முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"வேலை அனுபவத்தைப் பத்தி ஏதாவது பேசுப்பா" என்று செயலாளர் அண்ணன் சொன்னார். அதைத்தான் பேசப் போகிறேன், ஆனால் கால்பந்து வழியாக. பொட்டிபுரத்துக்காரன் என்று சொன்னாலே வெளியூரில் நியூட்ரினோவைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஒரு மாறுதலுக்கு இன்றைக்குக் கால்பந்து!

நமக்கும் கேரளாவுக்கும் நடுவே இருப்பது போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகள்தான். விடிகாலையில் ஜீப் ஏறி, பூப்பாறை, ராஜகுமாரி என்று ஏலத்தோட்ட வேலைக்குப் போய்ச் சாயங்காலம் இறங்குகிற சனம் நம்ம சனம். மேலேயிருந்து ஏலக்காய் இறங்குகிற மாதிரி, கேரளா பிளாஸ்டர்ஸ் அணியின் மஞ்சள் பனியனும் இறங்கி வந்துவிட்டது. பனியனோடு சேர்ந்து ஒரு பேரும் வந்தது: ஆசான்.

நம் பக்கம் சிலம்பம் சொல்லித் தருகிறவரை ஆசான் என்போம். மலையாளிகள் அதைச் சற்று மாற்றி 'ஆஷான்' என்பார்கள். இவான் வுகோமனோவிச் என்ற செர்பிய நாட்டுப் பயிற்சியாளருக்கு அவர்கள் வைத்த பேர் அது. வெள்ளைக்காரர் ஒருவரைக் கொச்சி மைதானத்தில் ஆயிரக்கணக்கான பேர் ஆஷான் என்று கூப்பிட்டார்கள் என்றால், அதை அவர்கள் சும்மா கொடுத்துவிடவில்லை.

2014-இல் ஐ.எஸ்.எல். தொடங்கியபோதே பிறந்த அணி அது. 2014, 2016 இரண்டு தடவையும் இறுதிப் போட்டிக்குப் போய் இரண்டு தடவையும் கொல்கத்தாவிடம் தோற்றார்கள். 2020-21 பருவத்தில் 11 அணிகளில் பத்தாவது இடம். அந்த நிலைமையில்தான் 2021 ஜூனில் இவான் வந்தார். வந்த முதல் பருவத்திலேயே அணி இறுதிப் போட்டிக்குப் போனது. 2022 மார்ச் 20, கோவா ஃபதோர்டா மைதானம். கே.பி. ராகுல் கோல் போட்டு முன்னிலை வாங்கித் தந்தார். 88-ஆவது நிமிடத்தில் ஹைதராபாத் சமன் செய்தது. பிறகு பெனால்டி ஷூட் அவுட்டில் தோல்வி. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

அடுத்தது 2023 மார்ச் 3, பெங்களூரு ஸ்ரீகண்டீரவா மைதானம். தோற்றால் வெளியே என்ற ஆட்டம். 90 நிமிடமும் கோல் இல்லை. கூடுதல் நேரத்தில் ஒரு ஃப்ரீ கிக். கேரள வீரர்கள் தடுப்பு வரிசை கட்டி முடிப்பதற்குள் சுனில் சேத்ரி அடித்துவிட்டார். நடுவர் கோல் என்றார். இவான் தன் வீரர்களை மைதானத்தை விட்டு வெளியே அழைத்துக்கொண்டு போய்விட்டார். திரும்பி வரவில்லை. அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் கிளப்புக்கு 4 கோடி ரூபாயும் இவானுக்கு 5 லட்சமும் அபராதம் போட்டு, அவருக்கு 10 ஆட்டங்களுக்குத் தடையும் விதித்தது.

என்னைக் கேட்டால் அவர் செய்தது தப்பு. நடுவர் முடிவு பிடிக்கவில்லை என்று ஆளாளுக்குக் கிளம்பினால் ஆட்டம் எங்கே நடக்கும்? ஆனால் ரசிகன் அதை வேறு மாதிரி பார்த்தான். 'நமக்காக ஒருத்தன் எழுந்து நின்னான்யா' என்று பார்த்தான். தடை முடிந்து 2023 அக்டோபர் 27-இல் ஒடிஷாவுக்கு எதிராகக் கொச்சியில் அவர் திரும்பி வந்த அன்று, ஒரு கோல் பின்தங்கியிருந்த அணி 2-1 என்று ஜெயித்தது. மூன்று பருவத்தில் ஒரு கோப்பை கிடையாது. ஆனால் மூன்று தடவையும் பிளே ஆஃப். அதற்கு முன்னால் அந்த அணியை எவரும் அப்படித் தொடர்ந்து கொண்டுபோனதில்லை.

2024 ஏப்ரல் 19-இல் புவனேஸ்வரத்தில் ஒடிஷாவிடம் கூடுதல் நேரத்தில் தோல்வி. சரியாக ஒரு வாரம் கழித்து, 26-ஆம் தேதி, இரு தரப்பும் பேசிப் பிரிவதாக அறிவிப்பு வந்தது. 2025 வரைக்கும் ஒப்பந்தம் இருந்தது. பருவம் முடிந்துபோனதால், அவரை மைதானத்தில் நிற்க வைத்து ஒரு தடவை கை தட்டக்கூட ரசிகர்களுக்கு வாய்ப்பில்லை. நம் தோட்டத்து ஜீப்பிலே இரண்டு நாளைக்கு அதே பேச்சு. "போறவரு போகட்டும், ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போக விடக் கூடாதா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். வேலை செய்த கூலியைக் கேட்கிற மாதிரி கேட்டார்.

அதே 2024-இல் இங்கிலாந்தில் என்ன நடந்தது? லிவர்பூல் அணியின் யூர்கன் க்ளாப் ஜனவரி 26-ஆம் தேதியே "இந்தப் பருவத்தோடு கிளம்புகிறேன்" என்று சொல்லிவிட்டார். மே மாதம் வரை நேரம். அழுகிறவர்கள் அழுது முடித்தார்கள், கிளப் அடுத்த ஆளைத் தேடி முடித்தது. நம்ம சென்னையின் அணிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 2019 டிசம்பரில் வந்த ஓவன் காயில், கீழே கிடந்த அணியை 2020 மார்ச்சில் இறுதிப் போட்டி வரைக்கும் தூக்கி விட்டார். கொரோனா காரணமாக அந்த இறுதிப் போட்டி ஆளில்லாத மைதானத்தில் நடந்தது. அதன் பிறகு அவர் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். (2023-இல் திரும்பி வந்தார் என்பது வேறு கதை.)

இவானுக்குப் பிறகு கொச்சிக்கு ஸ்வீடனிலிருந்து மிக்கேல் ஸ்டாரே வந்தார். 12 ஆட்டங்களில் 3 வெற்றி. 2024 டிசம்பரில் அவரையும் அனுப்பிவிட்டார்கள். அதற்குள் 'மஞ்ஞப்பட' ரசிகர் கூட்டம் டிக்கெட் வாங்க மாட்டோம் என்று நிர்வாகத்தை எதிர்த்துக் கிளம்பியிருந்தது. பழைய ஆசான் மேல் வைத்த பாசம் மட்டும் அதற்குக் காரணம் என்று நான் நினைக்கவில்லை. ஒரு மனிதர் மூன்று வருஷம் கட்டியது எங்கே எழுதி வைக்கப்பட்டிருந்தது, யாரிடம் ஒப்படைக்கப்பட்டது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. கோபம் அங்கேதான்.

இங்கேதான் என் வேலை அனுபவம் வருகிறது. நான் முன்பு இருந்த ஒரு கம்பெனியில், பிளான்ட் முழுவதையும் விரல் நுனியில் வைத்திருந்த மேலாளர் ஒருவர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பினார். திங்கட்கிழமை வேறு பெயர்ப் பலகை. எந்த வால்வு எப்போது மக்கர் பண்ணும், எந்தப் பம்ப்புக்கு எந்தச் சத்தம் கேட்டால் நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அவர் மண்டையில்தான் இருந்தது. ஆறு மாதம் நாங்கள் பட்ட பாடு! அவரிடம் ஒரு வாரம் உட்கார்ந்து, சார்ஜ் கொடுப்பதை ஒழுங்காக எழுதி வாங்கியிருந்தால் பாதி பாடு குறைந்திருக்கும். ஆளுயர மாலை போட்டு அனுப்பியிருந்தால் மீதிப் பாதியும் எங்கள் மனசிலிருந்து போயிருக்கும்.

இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியர்களில் மூன்று பேர் மாறுதலாகி வேறு ஊர் போனவர்கள். சங்கம் கடிதம் போட்டதால் பஸ் பிடித்து வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு என் தனிப்பட்ட வணக்கம். அவர்கள் கட்டிய லேபுகளில்தான் இப்போதைய தம்பிகள் படிக்கிறீர்கள். யார் கட்டியது என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆகவே செயற்குழுவிடம் ஒரு கோரிக்கை. ஆசிரியரோ, லேப் உதவியாளரோ, மாறுதல் உத்தரவு வந்த அந்த வாரத்திலேயே சங்கத்தின் சார்பில் ஒரு சாயங்காலம் ஒதுக்குங்கள். டீ, வடை செலவை எங்கள் பேட்ச் ஏற்றுக்கொள்கிறது. அன்றைக்கு அவர் கையால் ஒரு நோட்டுப் புத்தகம் எழுதி வாங்குங்கள்: எந்த மெஷின் எப்படி ஓடும், எந்தப் பையனைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்று. அடுத்து வருகிறவர் கையில் முதல் நாளே அந்த நோட்டு இருக்கட்டும். முதல் நோட்டை நானே வாங்கி வந்திருக்கிறேன். தலைவரிடம் இப்போது ஒப்படைக்கிறேன்.