போனை ரீசெட் பண்ணினா கணக்கு போயிடுமா?



இன்னைக்கு ஒரே ஒரு விஷயத்தைப் பத்திப் பேசலாம். போனை ரீசெட் பண்ணின பிறகு, அதில் இருந்த கணக்குகளுக்குள் திரும்ப எப்படி நுழைவது? கேட்கும்போது சின்ன விஷயமாத்தான் தெரியும். ஆனால் சேலம், நாமக்கல் பக்கத்துக்காரங்களுக்கு இது பிழைப்போடு சேர்ந்த விஷயம்.

சங்ககிரியிலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் லாரி ஏறுகிறவர்கள், திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு வடமாநிலம் போகிறவர்கள் வாரக்கணக்கில், மாசக்கணக்கில் வீட்டை விட்டு இருக்கிறார்கள். 2018-இல் மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்ட பிறகு, டிஜிலாக்கரில் இருக்கும் லைசென்ஸையும் ஆர்.சி.யையும் காட்டினாலே போதும் என்பதால், பலர் காகிதத்தை வீட்டிலேயே வெச்சுட்டுப் போறாங்க. டீசலுக்கும் சாப்பாட்டுக்கும் யுபிஐ. நாக்பூர் தாண்டி ஒரு டாபாவில் போன் நின்னுபோச்சு, பக்கத்துக் கடையில் ரீசெட் பண்ணிக் கொடுத்தாங்கன்னு வெச்சுக்கோங்க. கையில் லைசென்ஸும் இல்லை, காசும் இல்லை. ஊரில் இருக்கிறவங்களுக்கும் இதே கதைதான். விசைத்தறிக் கூலி, மரவள்ளிப் பணம், பிள்ளையின் உதவித்தொகை விண்ணப்பம் எல்லாம் அந்தப் போன் வழியாத்தானே நடக்குது?

முதல்ல பயத்தைப் போக்கிக்குவோம். ரீசெட் பண்ணினா அழிவது போனுக்குள் இருப்பது மட்டும்தான். உங்க பணம் வங்கியில் இருக்கிறது. உங்க லைசென்ஸ் போக்குவரத்துத் துறையின் பதிவேட்டில் இருக்கிறது. மெயில் கூகுளிடம் இருக்கிறது. கணக்கு எதுவும் அழியவில்லை. "அந்த ஆள் நான்தான்" என்று நீங்க மறுபடியும் நிரூபிக்க வேண்டும், அவ்வளவுதான். அப்படி நிரூபிக்க அநேகமாக எல்லா இடத்திலும் முதலில் கேட்பது உங்க மொபைல் எண்ணை. அதனால் மீட்கும் வேலையை ஒரு வரிசையில் செய்யணும். முதலில் சிம், அடுத்து கூகுள், பிறகு யுபிஐ, டிஜிலாக்கர், கடைசியில் வாட்ஸ்அப்.

சிம் போனிலேயே இருந்தால் பிரச்சினை இல்லை. ரீசெட் சிம்மை ஒண்ணும் செய்யாது. போனோடு சிம்மும் தொலைஞ்சிருந்தா, மாற்று சிம் வாங்கணும். இங்கேதான் பல பேர் மாட்டிக்கிறாங்க. சிம் யார் பேரில் இருக்கிறதோ, அவருடைய அடையாளச் சான்றை வைத்துத்தான் மாற்று சிம் தருவார்கள். பத்து வருசத்துக்கு முன்னாடி அண்ணன் பேரிலோ, மாமா பேரிலோ வாங்கின சிம்மை நீங்க பயன்படுத்திக்கிட்டு இருந்தா, அவர் வந்தால்தான் வேலை நடக்கும். உங்க பேரில் எந்தெந்த எண்கள் இருக்குன்னு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். நீங்க பயன்படுத்துற எண் அந்தப் பட்டியலில் இல்லைன்னா, இப்பவே உங்க பேருக்கு மாத்திக்கோங்க. இன்னொன்று, மாற்று சிம் வேலை செய்யத் தொடங்கியதும் முதல் 24 மணி நேரத்துக்கு எஸ்.எம்.எஸ். வராது. மோசடியைத் தடுக்க தொலைத்தொடர்புத் துறை வைத்திருக்கும் ஏற்பாடு அது. ஓடிபி வரலையேன்னு திரும்பத் திரும்ப அமுக்காம, ஒரு நாள் பொறுங்க.

அடுத்து கூகுள். ஆண்ட்ராய்டு போனை ரீசெட் பண்ணிட்டு ஆன் பண்ணினா, முன்பு இருந்த கூகுள் கணக்கையோ பழைய திரைப்பூட்டையோ கேட்கும். திருடினவன் ரீசெட் பண்ணி விற்கக் கூடாது என்பதற்காக 2015-இல் வந்த பாதுகாப்பு அது. கடையில் வேறு யாரோ ஒரு மெயிலைப் போட்டுக் கொடுத்திருந்தா, அந்த மெயில் என்னன்னே நமக்குத் தெரியாது. இப்பவே செட்டிங்ஸில் போய் உங்க போனில் என்ன மெயில் இருக்குன்னு பார்த்து எழுதி வைங்க. பழைய போன் வாங்குறவங்களும், விற்பவர் தன் கணக்கை நீக்கிவிட்டாரா என்று எதிரிலேயே ஆன் பண்ணிப் பார்த்து வாங்குங்க. ரசீதும் கேளுங்க.

பாஸ்வேர்டு மறந்துபோனால், கூகுளின் கணக்கு மீட்புப் பக்கத்துக்குப் போகணும். அங்கே கேட்கும் கேள்விகளைத் தாண்டித் தாண்டிப் போகாதீங்க. தெரிஞ்ச வரைக்கும் பதில் சொல்லுங்க. பழைய பாஸ்வேர்டு ஞாபகம் இருந்தா அதைப் போடுங்க. நீங்க வழக்கமா பயன்படுத்துற இடத்திலிருந்து, ஏற்கெனவே அந்தக் கணக்கைத் திறந்த ஒரு போன் அல்லது கணினியில் முயன்றால் வாய்ப்பு அதிகம். வெளியூரில் முன்பின் தெரியாத கடையின் கணினியில் முயல்வதைவிட, வீட்டில் மனைவியோ பிள்ளையோ வைத்திருக்கும் போனில் முயல்வது நல்லது, அதில் உங்க மெயில் முன்பே திறந்திருந்தால். இரட்டைச் சரிபார்ப்பு வைத்திருந்தால், சில நேரம் கூகுள் சில நாள் எடுத்துக்கொண்டுதான் பதில் சொல்லும்.

மூணாவது யுபிஐ. செயலியைத் திரும்பப் போட்டதும், அது உங்க சிம்மிலிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பி, இந்த எண் இந்தப் போனில்தான் இருக்கிறது என்று உறுதி செய்யும். அதனால் வங்கியில் கொடுத்த எண் உள்ள சிம் அந்தப் போனில் இருக்கணும், ரீசார்ஜும் முடிஞ்சிருக்கக் கூடாது. இரண்டு சிம் இருந்தா, சரியான சிம்மைத் தேர்வு செய்யுங்க. உங்க யுபிஐ பின் ரீசெட்டில் மாறாது. பழைய பின்னே போதும். மறந்துட்டா, டெபிட் கார்டின் கடைசி 6 இலக்கங்களும் காலாவதித் தேதியும் கொடுத்து, அல்லது ஆதார் ஓடிபி மூலம், புதுசா வெச்சுக்கலாம். போன் மாற்றிய முதல் 24 மணி நேரத்தில் 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாமல் போகலாம். லோடு ஏத்தி நிக்கிறவங்க, ஒரு நாள் டீசலுக்காவது ரொக்கம் வெச்சுக்கோங்க.

நாலாவது டிஜிலாக்கர். மொபைல் எண் அல்லது ஆதார் எண்ணைப் போட்டு, ஓடிபியும் 6 இலக்கப் பின்னும் கொடுத்தா, முன்னாடி எடுத்து வெச்ச ஆவணங்கள் திரும்ப வந்துடும். ஆனால் ஆதாரில் இருப்பது பழைய எண்ணாக இருந்தால் ஓடிபி அங்கே போகும். அப்போ ஆதார் சேவை மையத்துக்கு நேரில் போய்க் கைரேகை வைத்து எண்ணை மாத்திக்கலாம். அதுக்குத் தனியா ஆவணம் எதுவும் தேவையில்லை. சந்தேகம் இருந்தா 1947-க்கு அழைக்கலாம். குடும்ப அட்டையில் உள்ள எண்ணும் அதே மாதிரிதான். அதை வட்ட வழங்கல் அலுவலகத்தில் மாத்தலாம். பொது விநியோக உதவி எண் 1967.

கடைசியா வாட்ஸ்அப். ஆண்ட்ராய்டில் பேச்சுகளின் காப்புப்பிரதி கூகுள் கணக்கில்தான் இருக்கும். அதனால்தான் கூகுளை முதலில் மீட்கச் சொன்னேன். இரட்டைச் சரிபார்ப்புப் பின்னை மறந்து, மெயிலும் கொடுக்காமல் விட்டிருந்தால் 7 நாள் காத்திருக்கணும். முன்கூட்டியே ஒரு மெயிலைக் கொடுத்து வெச்சிருந்தா அந்த 7 நாள் மிச்சம்.

இப்போ ரொம்ப முக்கியமான ஒண்ணு. கணக்கு திறக்கலைன்னு பதற்றத்தில் இருக்கும்போதுதான் மோசடிக்காரன் வருவான். இணையத்தில் "கஸ்டமர் கேர் நம்பர்" என்று தேடி, முதலில் வரும் எண்ணுக்கு அழைக்காதீங்க. கூகுள் கணக்கைப் போனில் பேசி மீட்டுக் கொடுக்க கூகுள் யாரையும் வைத்திருக்கவில்லை. "இந்தச் செயலியை இறக்குங்க, நான் உங்க திரையைப் பார்த்துச் சரி பண்றேன்" என்று சொன்னால், உடனே போனை வையுங்க. ஓடிபியும் பின்னும் கடைக்காரர் கேட்டாலும், அதிகாரின்னு சொல்லிக்கிட்டு யார் கேட்டாலும் சொல்ல வேண்டியதில்லை. பணம் போயிடுச்சுன்னா, தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்க. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீங்களோ, பணத்தை நடுவழியில் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு. போன் தொலைஞ்சிருந்தா, காவல் நிலையத்தில் புகார் கொடுத்துட்டு, சஞ்சார் சாத்தியில் அந்தப் போனை முடக்கலாம். அதுக்கு 15 இலக்க ஐஎம்இஐ எண் வேணும். *#06# அழுத்தினால் திரையில் வரும். இன்னைக்கே எழுதி வைங்க.

இதெல்லாம் ரீசெட் ஆன பிறகு செய்யும் வேலை. அதுக்கு முன்னாடியே ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கினா பாதிச் சிரமம் குறையும். கூகுள் கணக்கில் மீட்பு எண்ணாக உங்க எண்ணையும், மீட்பு மெயிலாக வீட்டில் நம்பிக்கையான ஒருத்தருடைய மெயிலையும் கொடுங்க. இரட்டைச் சரிபார்ப்பு வைத்திருந்தால், கூகுள் தரும் 10 மாற்றுக் குறியீடுகளை எடுத்துக் காகிதத்தில் எழுதுங்க. ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒரு தடவைதான் பயன்படும். அந்தக் காகிதம் வீட்டு அலமாரியில் இருக்கட்டும், போனுக்குள் படம் பிடித்து வைப்பதில் பயன் இல்லை. போட்டோக்கள் கூகுளில் ஏறியிருக்கான்னு பாருங்க. வெளிமாநிலம் போறவங்க லைசென்ஸ், ஆர்.சி. அசலையும் வண்டியில் வெச்சுக்கோங்க.

எண்ணை உயிரோடு வைத்திருப்பதும் உங்க கையில்தான் இருக்கு. 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத எண் துண்டிக்கப்படலாம். துண்டித்து இன்னொரு 90 நாள் ஆன பிறகு, அது வேறு ஒருவருக்குப் போகலாம். அப்புறம் உங்க ஓடிபி அவர் போனில்தான் அடிக்கும். ரெண்டாவது சிம்தானேன்னு விட்டுடாதீங்க. அந்த எண் வங்கியிலோ ஆதாரிலோ இருக்குன்னா, ரீசார்ஜ் பண்ணிக்கிட்டே இருங்க, இல்லைன்னா முதலில் எண்ணை மாத்திட்டு பிறகு விடுங்க.

இன்னைக்கு ராத்திரி வீட்டில் உட்கார்ந்து மூணு கேள்விக்குப் பதில் எழுதுங்க. என் சிம் யார் பேரில் இருக்கு? என் போனில் இருக்கும் மெயில் எது? ஆதாரிலும் வங்கியிலும் இருக்கும் எண் எது? அப்பா, அம்மா போனுக்கும் சேர்த்தே எழுதிடுங்க. அவங்களுக்குத்தான் இது கூடுதலாத் தேவைப்படும்.