தந்தையும் மைந்தரும் பெற்ற பதக்கங்கள்

போர்க்களத்தில் காட்டும் வீரத்துக்காகப் பிரித்தானிய அரசு வழங்கும் விருதுகளுள் தலையாயது விக்டோரியா சிலுவை. 1856ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்ட இப்பதக்கத்தைத் தந்தையும் மைந்தனுமாகப் பெற்ற குடும்பங்கள் மூன்றே. அவற்றுள் இரண்டின் வரலாறு ஒரே களத்தில் வந்து சேர்கின்றது.

முதற் குடும்பத்தின் தந்தை பிரெடெரிக் ரொபர்ட்ஸ். வட இந்தியக் கிளர்ச்சிக் காலத்தில், 1858 சனவரியில், இவர் பதக்கத்துக்குரிய வீரச்செயலைப் புரிந்தார். பின்னர் 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக விளங்கினார். தென்னாட்டுச் சிப்பாய்கள் வடநாட்டாருக்கு இணையாகப் போர் புரிய வல்லவரல்லர் என்று கருதியவரும் இவரே.

1899 டிசம்பர் 15ஆம் நாள், தென்னாபிரிக்காவின் கொலென்சோ என்னுமிடத்தில், போயர்களின் குண்டுமாரிக்கு நடுவே பிரித்தானியரின் பீரங்கிகள் கைவிடப்பட்டுக் கிடந்தன. அவற்றை மீட்கச் சென்றோருள் ரொபர்ட்சின் மைந்தரும் ஒருவர். அவர் படுகாயமுற்று வெளியிலே வீழ்ந்தார். தாமும் காயமுற்றிருந்த கப்டன் வால்டர் கொங்கிறீவ், ஒரு மருத்துவ அதிகாரியுடன் சென்று அவரைத் தூக்கி வந்தார். இருவருக்கும் விக்டோரியா சிலுவை கிடைத்தது. ஆனால் இளைய ரொபர்ட்ஸ் இரண்டு நாளில் உயிர் நீத்தார். எஞ்சியிருந்த ஒரே மைந்தனை இழந்த தந்தையிடம் அந்நாட்களிலேயே தென்னாபிரிக்கப் போரின் தலைமை ஒப்படைக்கப்பட்டது.

பிறர் மகனைக் காக்கச் சென்ற கொங்கிறீவுக்கும் அத்துயரம் காத்திருந்தது. 1916இல், பிரான்சின் சொம் களத்தில், அவர் ஒரு படைப்பிரிவுக்குத் தளபதியாயிருந்தபோது, அவருடைய மைந்தர் வில்லியம் சூலை 20ஆம் நாள் சுடப்பட்டு மாண்டார். திருமணமாகி ஏழு வாரமே ஆகியிருந்தது. பதக்கம் அவர் மறைவுக்குப் பின்னரே வழங்கப்பட்டது.

மூன்றாவது கஃப் குடும்பம். தந்தை சார்ல்ஸ் 1857–58இலும் மைந்தர் ஜோன் 1903இல் சோமாலிலாந்திலும் புரிந்த செயல்களுக்காகப் பதக்கம் பெற்றனர். ஜோன் 1915இல் பிரான்சிலே குண்டடிபட்டு மாண்டார்.

இம்மூவரையும் ஒருசேர நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். தந்தையர் மூவரும் தாம் பதக்கம் பெற்ற போர்களிலிருந்து உயிருடன் மீண்டனர்; மைந்தர் மூவரோ போர்க்களக் காயத்தாலேயே மறைந்தனர். வீரம் வழிவழியாக வருவதென்று பெருமை கொள்வோர் இதனையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

பரந்தன்–முல்லைத்தீவு வீதியிலுள்ள தர்மபுரத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் இதனைக் கேட்கும் நேயர்களுக்கு விளக்கம் வேண்டுவதில்லை. 2009ஆம் ஆண்டின் போர் அவ்வூர்களின் வழியே சென்றது. பிள்ளைகளை இழந்த பெற்றோர் பலர் அங்கு வாழ்கின்றனர். அவர்களுடைய வீடுகளில் பதக்கங்கள் இல்லை. துயரம் மட்டும் ரொபர்ட்சின் இல்லத்தில் இருந்ததற்குக் குறைந்ததன்று.