பாட்டனார் இருவர்
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



‘மறக்கவொண்ணாப் பெரியவர்’ என்னும் பொருளில் பேசுமாறு செயலாளர் பணித்தார். எனக்குப் பாட்டனார் இருவர். ஒருவர் தென்சென்னைப் புறநகர் முழுமைக்கும் பொதுவானவர். மற்றவர் என் வீட்டவர். முன்னவரைப் பற்றிச் சொன்னாலன்றிப் பின்னவரைப் பற்றிச் சொல்ல இயலாது.

பொதுப் பாட்டனார் மறைமலையடிகள். நாகப்பட்டினத்தில் 1876 ஜூலை 15-இல் பிறந்தவர். மகப்பேறு வேண்டித் திருக்கழுக்குன்றத்து இறைவனை வழிபட்ட பெற்றோர், அவ்விறைவன் பெயராலேயே வேதாசலம் என்று பெயரிட்டனர். அதனையே பின்னாளில் மறைமலை எனத் தமிழாக்கிக்கொண்டார். தந்தையார் மறைந்ததும் பள்ளிப் படிப்பு இடையில் நின்றது. ஆயினும் கற்கும் வேட்கை நிற்கவில்லை. நாகையில் புத்தகக்கடை வைத்திருந்த நாராயணசாமிப் பிள்ளையிடம் தமிழ் கற்றார். கடையே அவருக்குக் கல்லூரியாயிற்று.

1898-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியரானார். அக்கல்லூரி அந்நாளில் தாம்பரத்தில் இல்லை. நகரின் நடுவே இருந்தது. தமிழ் கட்டாயப் பாடமாக இருந்த நிலை மாறியபோது, 1911-இல் பணியை விட்டுப் பல்லாவரத்தில் குடியேறினார். அவ்வாண்டிலேயே துறவும் பூண்டார். 1937-இல் கல்லூரி தாம்பரத்திற்குப் பெயர்ந்தது. கல்லூரியை விட்டு வந்தவரின் அண்டைக்கே கல்லூரியும் வந்து சேர்ந்தது.

அடிகளார் சிவநெறிச் செல்வர். நோயுற்றபோது திருவொற்றியூர் முருகனைப் பாடியவர். அந்தப் பற்று அவருடைய ஆராயும் மனத்தைக் கட்டிப்போடவில்லை. முல்லைப்பாட்டுக்கு ஆராய்ச்சியுரை எழுதிய கையே அறிதுயில், மனக்கவர்ச்சி, உணவு, நீண்ட ஆயுள் ஆகியவை பற்றியும் எழுதியது. 1916-இல் தனித்தமிழ் இயக்கம் கண்டவர், தம் நாட்குறிப்பை ஆங்கிலத்தில் எழுதினார். காளிதாசரின் சாகுந்தலத்தை வடமொழியிலிருந்து தமிழில் பெயர்த்தார். இதனை முரண் என்பார் உண்டு. தம் வீட்டைத் தூய்மையாக வைத்திருப்பவர் அயல்வீட்டுக்குப் போகக்கூடாதென்று விதியுண்டா? அறிய விரும்பிய இடமெல்லாம் அவர் சென்றார். திரும்பி வந்து தமிழில் சொன்னார்.

அவர் வெறும் ஏட்டறிஞர் அல்லர். பல்லாவரத்தில் சொந்த அச்சுக்கூடம் வைத்துத் தம் நூல்களை அச்சிட்டார். ஏறத்தாழ 4,000 நூல்களைச் சேர்த்துப் போற்றினார்.

இனி, என் வீட்டுப் பாட்டனார். தாம்பரத்து மின்ரயில் பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விடியற்காலையில் நீராடி, திருநீறு பூசி, தேவாரம் ஓதிய பின்னரே காப்பி அருந்துவார். அதன்பின் கருவிப்பெட்டி திறக்கும். தெருவில் ஓடாத கடிகாரமும், சுழலாத மின்விசிறியும், ஒழுகும் குழாயும் அவரிடம் வந்து சேரும். கூலி வாங்கமாட்டார்; பழுது ஏன் வந்தது என்பதை மட்டும் வந்தவர் நின்று கேட்டுப் போகவேண்டும்.

மூர்மார்க்கெட்டில் அட்டை கிழிந்த நூல்களை வாங்கி வருவார். அவ்வங்காடி 1985-இல் தீக்கிரையானபோது உறவினர் இறந்தாற்போல் வருந்தினார். வாங்கிய நூல்களைக் குத்தூசியால் துளையிட்டுத் தைத்து, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்த மைதாப் பசை தடவி, காலிக்கோத் துணி ஒட்டி, அம்மிக்கல்லின் கீழ் ஓரிரவு வைப்பார். அவ்வாறு கட்டியவற்றுள் ஒன்று அடிகளாரின் ‘மக்கள் நூறாண்டு உயிர்வாழ்க்கை’.

இளமைத் துடுக்கில் ஒருநாள் கேட்டேன்: “நூறாண்டு வாழ வழி சொன்னவர் எழுபத்து நான்கு வயதிலேயே மறைந்துவிட்டாரே, தாத்தா?”

அவர் சினக்கவில்லை. “தம்பி, அந்த எழுபத்து நான்கில் எத்தனை ஆண்டு வேலை செய்தார் என்று எண்ணிப் பார். எண்ணி முடித்த பிறகு சிரி” என்றார். எண்ணிப் பார்த்தேன்; சிரிக்கவில்லை.

அன்பர்களே, இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். தாத்தா மறைந்த ஆறாம் மாதம், வீட்டில் இடமில்லை என்று அவர் நூல்களைப் பழைய தாள் வாங்குபவரிடம் எடைக்குப் போட்டோம். தராசைப் பிடித்தவர் அவர். மூட்டை கட்டித் தந்தவன் நான். பரணில் விழுந்து கிடந்த அந்த நூறாண்டு நூல் மட்டும் தப்பியது. பிறகு ஒருநாள் திறந்தேன். பக்க ஓரங்களில் பென்சிலால் எழுதியிருந்தார்: “செய்து பார்த்தேன். சரி.” “செய்து பார்த்தேன். எனக்கு ஒத்துவரவில்லை.” எடைக்குப் போன நூல்களின் ஓரங்களில் என்ன எழுதியிருந்தார் என்பதை நான் இனி அறியப்போவதில்லை.

அடிகளார் 1950 செப்டம்பர் 15-இல் மறைந்தார். அவர் தொகுத்த நூல்களை அடித்தளமாகக்கொண்டு 1958-இல் சென்னையில் மறைமலையடிகள் நூல்நிலையம் எழுந்தது. ஒரு பாட்டனாரின் நூல்கள் நிலையமாயின. மற்றவருடையவை பொட்டலத் தாளாயின. அவ்விருவரிடையே வேற்றுமை பெரிது. ஆனால் நூல்களின் கதியைத் தீர்மானித்தது அந்த வேற்றுமையன்று. பின்னே நின்றவர்களின் கருத்து.

பத்தாண்டுகளில் நம் வட்டத்தில் பாட்டனாரைப் பற்றிய கவிதைகள் பல கேட்டோம். சாய்வு நாற்காலியும் மூக்குக் கண்ணாடியும் கைத்தடியும் வந்தன. அவர் கை என்ன செய்தது, எதைக் கண்டு வியந்தது, எந்தப் பக்கத்தில் அடையாளம் வைத்தது என்பது அரிதாகவே வந்தது. நான் எழுதியவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆதலின் ஒரு வேண்டுகோள். பதினோராம் ஆண்டில் ஒவ்வோர் உறுப்பினரும் தம் வீட்டிலோ தெருவிலோ உள்ள முதியவர் ஒருவரின் நூல்களைப் பட்டியலிட வேண்டும். ஓரக் குறிப்புகளைப் படியெடுக்க வேண்டும். அவர் உயிரோடிருந்தால் அருகில் அமர்ந்து கேட்க வேண்டும். பிழைத்த அந்த ஒரு நூலை இன்று கொண்டுவந்திருக்கிறேன். பட்டியலில் முதலாவதாக இது இடம்பெறட்டும். தையல் இன்னும் விடவில்லை.