கைப்பேசி ஆட்டமும் நம் வீடும்

(ஜூபிலி விழாவையொட்டி நடந்த குடும்பக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரையின் சுருக்கம்)



வீடு மந்திரிக்கப் போகுமிடமெல்லாம் ஒரே முறையீடு: "பையன் ராத்திரி பூரா போன்ல கேம் ஆடறானுங்க சாமி. நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்க." சொல்லத்தான் வந்திருக்கிறேன், ஆனால் பையனுக்கு மட்டும் அல்ல.

நான் கண்டவரை, வயதுக்கேற்ப ஆட்டமும் மாறுகிறது. பையன்களுக்குக் கூட்டாளிகளோடு சேர்ந்து துப்பாக்கிச் சண்டை. 2020 செப்டம்பரில் பப்ஜி தடையாயிற்று. 2022 பிப்ரவரியில் ஃபிரீ ஃபயரும் தடையாயிற்று. ஆட்டத்தின் பெயர் மாறியதே தவிர, பழக்கம் மாறவில்லை. தாய்மாருக்கு, செக்கிங் வேலை முடிந்து கம்பெனி வேனில் திரும்பும்போது கேண்டி கிரஷ். பெண் பிள்ளைகளுக்கோ, அண்ணன் போனைக் கீழே வைத்தால்தான் ஆட்டம். ஆண்களில் சிலருக்குச் சனிக்கிழமைச் சம்பளமும் ரம்மியும்.

இவற்றையெல்லாம் ஒரே தராசில் நிறுக்கலாகாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 முதல் விளையாட்டு அடிமைநிலையும் இடம்பெற்றுள்ளது. எத்தனை மணி நேரம் ஆடினான் என்பதல்ல அதன் அளவுகோல். நிறுத்த முடியாமை, மற்றக் கடமைகளை ஒதுக்குதல், கேடு வந்தபின்னும் தொடர்தல் ஆகிய மூன்றும் பொதுவாக 12 மாதம் நீடித்தால்தான் அது நோய். வேன் பயணத்தில் அரை மணி ஆடும் தாய் நோயாளி அல்லர், இளைப்பாறுகிறார்.

ஆனால் பணம் வைத்தாடுவது வேறு. மகனின் போனைப் பறித்து வைத்த தகப்பனார் ஒருவர் என்னிடம் வந்து அழுதார். ஒன்றரை ஷிப்ட் பார்த்த கூலியும், மகளின் படிப்புக்குச் சேர்த்த பணமும் ரம்மியில் போயிருந்தன. அவர் அனுமதியோடுதான், பெயர் சொல்லாமல், இதைச் சொல்கிறேன். தமிழக அரசின் தடைச் சட்டத்துக்கு 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. ரம்மி திறமை ஆட்டமென்று அவ்வாண்டு நவம்பரில் உயர்நீதிமன்றம் அதற்கு விலக்களித்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. சட்டம் வாசலை அடைக்கும். பட்ட கடனை அடைக்காது.

ஆகவே பெற்றோரே, கண்டிக்குமுன் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன ஆடுகிறான், யாரோடு ஆடுகிறான் என்று கேளுங்கள். பெண் பிள்ளைக்கும் விளையாட நேரம் கொடுங்கள். இரவு பத்து மணிக்கு எல்லாருடைய போனும் அலமாரிக்குள் போகட்டும். அப்பாவின் போன் முதலில் போகட்டும். கடன்பட்டவர் மறைக்காமல் வீட்டில் சொல்லிவிடுங்கள். துணிவில்லையென்றால் எந்நேரமும் என் கதவைத் தட்டுங்கள். இருவருமாகப் போய்ச் சொல்வோம்.