கந்தரோடையில் வீழ்ந்த மேஜர்

(பதுளையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மேஜர் என்ற பதவிப் பெயர் பதுளைக்குப் புதியதன்று. இந்நகரிலுள்ள பரிசுத்த மாற்கு தேவாலயம், மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ் என்னும் ஆங்கிலேயரின் ஞாபகமாக எழுந்தது. ஊவாவில் அதிகாரம் செலுத்திய அந்தத் துரை பாதைகள் வெட்டுவித்தார். ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவரென்றும் பேர்பெற்றார். 1845ஆம் ஆண்டிலே அப்புத்தளையில் இடி விழுந்து மாண்டார். அத்தனை யானைகளுக்கும் தப்பியவரை மழைக்காலத்து மின்னலொன்று கொண்டுபோயிற்று! அவருக்கு இங்கே ஒரு கோயிலே நினைவாக இருக்கிறது.

நாம் இன்று பேச எடுத்துக்கொண்டது வேறொரு மேஜரைப் பற்றியாகும். அவர் பெயர் இராமசாமி பரமேஸ்வரன். தோட்டத்துச் செக்ரோலிலே எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் கண்ணிற் படக்கூடிய பெயர். இந்திய இராணுவத்தின் அதியுயர் விருதாகிய பரம் வீர் சக்கரத்தைப் பெற்றவர்; இந்த இலங்கை மண்ணிலே போரில் மாண்டவர். ஆயினும் அவரைப் பற்றி இந்நாட்டுத் தமிழர் வாய் திறப்பதில்லை. காரணத்தை மூடிமறைத்துப் பேசுவதிற் பயனில்லை. அவரைச் சுட்டவர்கள் தமிழர். அவர் சுட்டதும் தமிழரையே.

அவர் 1946 செப்டம்பர் 13ஆந் தேதி பம்பாயிற் பிறந்தார். பிழைப்புத் தேடித் தமிழர் போய்க் குடியேறிய ஊர்களில் பம்பாயும் ஒன்று. நம் பாட்டன்மார் மன்னார்க் கரையிறங்கிக் காட்டுப் பாதையால் மலைக்கு நடந்தார்கள். வேறு சிலர் ரெயிலேறி மாட்டுங்காவுக்குப் போனார்கள். அங்கே தென்னிந்தியக் கல்விச் சங்கம் நடத்திய பாடசாலையிலும் கல்லூரியிலும் படித்து, 1968இல் விஞ்ஞானப் பட்டம் பெற்றார் பரமேஸ்வரன். பட்டம் பெற்ற பிள்ளை உத்தியோகம் பார்க்கப் போகாமல், 1971இல் சென்னையிலிருந்த இராணுவ அதிகாரிகள் பயிற்சிப் பாடசாலையிற் சேர்ந்தார். 1972 ஜூன் மாதத்தில் அதிகாரியாக வெளிவந்தவருக்கு மஹார் படையணியின் பதினைந்தாவது பட்டாலியன் கிடைத்தது.

இந்த மஹார் படையணியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமற் கடந்துபோக மனம் வரவில்லை. மகாராஷ்டிரத்திலே தீண்டத்தகாதார் என ஒதுக்கப்பட்ட மக்களே மஹார்கள். வெள்ளையர் தமக்குத் தேவையான காலத்தில் அவர்களைப் பட்டாளத்தில் வைத்திருந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வேண்டாமென்று கதவை அடைத்தனர். முதலாம் உலக யுத்தம் வந்தபோது மீண்டும் அழைத்தனர். யுத்தம் முடிந்ததும் கலைத்தனர். வேலை இருக்கும்போது பேர் பதிந்து, வேலை முடிந்தால் பேர் வெட்டும் வழக்கத்தை நம் தோட்டத்து மக்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. டாக்டர் அம்பேத்கர் அவர்கள் வாதாடியதன் பின்னரே 1941இல் இப்படையணி நிலையாக அமைந்தது. பிற்காலத்தில் எல்லா இனத்தாரும் அதிற் சேர்ந்தனர். அந்தப் படையணிக்குக் கிடைத்த ஒரே பரம் வீர் சக்கரம் இந்தத் தமிழருடையதே. 1987இல் இந்திய இராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்த ஜெனரல் சுந்தர்ஜியும் மஹார் படையணியில் வளர்ந்தவர், அவரும் தமிழர். அனுப்பியவரும் தமிழர், போனவரும் தமிழர், எதிர்நின்றவரும் தமிழர். இதைவிடக் கொடிய விதியைப் புராணத்திலேதான் தேட வேண்டும்.

அவர் ஏன் இங்கே வந்தார்? 1987 ஜூலை 29ஆந் தேதி பிரதமர் ராஜீவ் காந்தியும் ஜனாதிபதி ஜயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தஞ் செய்துகொண்டனர். அதன்படி இந்திய அமைதிப் படை யாழ்ப்பாணத்தில் இறங்கியது. ஆரம்பத்தில் மக்கள் மாலையிட்டு வரவேற்றனர். 1983 ஜூலையிலே இந்தப் பதுளைப் பட்டினம் எரிந்ததைக் கண்ட நம்மவருங்கூட, இனியாவது காப்பாற்ற ஒருவர் வந்தார் என்று பெருமூச்சு விட்டனர். ஆனால் அதே ஒப்பந்தத்திலே நம்மைத் தொடும் வாசகம் ஒன்று உண்டு. இங்கே தங்கியிருக்கும் இந்தியப் பிரசைகளைத் திருப்பி அனுப்பும் வேலையைத் துரிதப்படுத்த வேண்டும் என்பதே அது. 1948இல் பிரசாவுரிமை இழந்து, 1964இல் இரண்டு பிரதமர்களின் பேனாவினாற் கூறு போடப்பட்ட மக்களுக்கு அமைதிப் படை கொண்டுவந்த செய்தி அவ்வளவுதான். வன்செயலுக்கு அஞ்சி ஊவாவையும் கண்டியையும் விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன தோட்டத்துக் குடும்பங்களோ, போரின் நடுவிலேயே போய் இருந்தன.

செப்டம்பரில் திலீபன் உண்ணாவிரதமிருந்து இறந்தார். அக்டோபர் 5ஆந் தேதி, பிடிபட்ட புலிப் போராளிகள் பன்னிருவர் பலாலியில் நஞ்சருந்தி மாண்டனர். ஒரு வாரத்துக்குள் அமைதிப் படை போர்ப்படையாயிற்று. அக்டோபர் 21, 22ஆந் தேதிகளில் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் நோயாளரும் டாக்டர்களும் தாதிமாருமாக அறுபதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். ஒரு வீரரைப் புகழ வந்த இடத்தில் இதை ஏன் சொல்கிறீர் என்று சிலர் கேட்கக்கூடும். பரமேஸ்வரன் அணிந்திருந்த அதே சீருடையை யாழ்ப்பாணத்துத் தாய் ஒருத்தி எந்தக் கண்ணோடு பார்த்தாள் என்பது தெரியாமல் அவர் மரணம் உங்களுக்கு விளங்காது.

இந்தப் போருக்கென எட்டாவது மஹார் பட்டாலியனுக்கு வந்தவர் பரமேஸ்வரன். அதற்கு முன் மிசோரத்திலும் திரிபுராவிலும் கலகக்காரரை எதிர்த்துக் காட்டிலே கடமை பார்த்த அனுபவம் அவருக்கு இருந்தது. வயது நாற்பத்தொன்று, மணமானவர். சுன்னாகத்தை அடுத்த கந்தரோடையிலே ஆயுதங்கள் வந்திறங்கியதாகத் தகவல் கிடைத்தது. பழைய புதைபொருள்களாற் பெயர்பெற்ற ஊர் அது. தோட்டமும் தென்னையும் சூழ்ந்த விவசாய நிலம். நவம்பர் 24ஆந் தேதி இரவு அவருடைய பிரிவு அவ்விடத்தைச் சுற்றி வளைத்துத் தேடியது.

தேடிவிட்டுத் திரும்பும் வழியில் மறைவிடங்களிலிருந்து வேட்டுகள் பாய்ந்தன. பதுங்கித் தாக்கும் எதிரி முன்னே இருக்கிறான். பின்வாங்கினால் முதுகிலே சுடுவான். அந்த வேளையில் மேஜர் செய்தது என்ன? சில சிப்பாய்களைக் கூட்டிக்கொண்டு சுற்றி வளைத்துப் போய், தாக்கியவர்களைப் பின்புறமிருந்து தாக்கினார். அவர்கள் இதை எதிர்பார்க்கவில்லை. கைகலப்பாயிற்று. அருகில் நின்ற ஒருவன் அவர் மார்பிலே சுட்டான். சுடப்பட்டவர் விழவில்லை. சுட்டவனின் துப்பாக்கியையே பறித்து அவனைச் சுட்டுக் கொன்றார். இரத்தம் ஒழுக ஒழுகத் தம் ஆட்களுக்குக் கட்டளையிட்டுக்கொண்டே உயிர் விட்டார். அன்று நவம்பர் 25. எதிர்த்தரப்பில் ஐவர் இறந்தனரென்றும், மூன்று துப்பாக்கிகளும் இரண்டு ரொக்கெட் செலுத்திகளும் கைப்பற்றப்பட்டனவென்றும் விருதுப் பத்திரம் சொல்கிறது. அந்த ஐவரின் பெயரை அது சொல்லவில்லை. விருதுப் பத்திரங்கள் சொல்வதுமில்லை.

1988 குடியரசு தினத்தன்று அவருக்குப் பரம் வீர் சக்கரம் அறிவிக்கப்பட்டது. அந்த விருது இதுகாறும் இருபத்தொருவருக்கே வழங்கப்பட்டுள்ளது; அவர்களிற் பதினால்வர் அதைக் கையில் வாங்க உயிரோடில்லை. அமைதிப் படையில் அதைப் பெற்றவர் இவர் ஒருவரே.

இங்கே இரண்டு சாராரோடு நமக்கு வழக்குண்டு. அந்தப் படை செய்த கொடுமைகளைக் காட்டி இவருடைய துணிவையும் மறுப்பவர் ஒரு சாரார். யாழ்ப்பாணத்து அரசியலை வகுத்தவர் அவரல்லர். ஒப்பந்தத்தை எழுதியவரும் அல்லர். டில்லியும் கொழும்பும் போட்ட கணக்குக்குத் தம் உடலைக் கொடுத்தவர். அவருடைய துணிவைக் காட்டி அந்தப் போரே நியாயமானது என்று சாதிப்பவர் மற்றச் சாரார். ஒரு மனிதனின் மார்பிலே பட்ட குண்டு ஓர் அரசாங்கத்தின் பிழையைக் கழுவிவிடாது. சுமார் 1,200 இந்தியச் சிப்பாய்கள் இங்கே இறந்தனர். யாழ்ப்பாணத்துப் பொதுமக்களும் போராளிகளும் பெருந்தொகையில் இறந்தனர். 1990 மார்ச் மாதத்தில் கடைசிக் கப்பல் திருகோணமலையிலிருந்து போனபோது, எந்தக் காரியத்துக்காக வந்தார்களோ அது முடிந்திருக்கவில்லை. அதன்பின் இன்னும் பத்தொன்பது ஆண்டுகள் போர் நடந்தது.

நாமோ இரு கரைக்கும் நடுவே நிற்கும் மக்கள். இந்தியா என்றால் வடக்கத்தியான் என்று ஏசப்பட்டவர்கள். வடக்குப் போராட்டத்திலே பாதி சொந்தமும் பாதி அந்நியமுமாக நின்றவர்கள். ஆகவேதான் கந்தரோடையில் இறந்த இரு பக்கத்தாரையும் ஒரே நாவினாற் பேசும் உரிமை நமக்கு இருக்கிறது என்று கருதுகிறோம்.

சென்னையிலே இராணுவக் குடியிருப்பு ஒன்றுக்கு அவர் பெயர் வைத்துள்ளனர். அந்தமான் தீவுகளில் ஒன்றுக்கும் 2023இல் அவர் பெயர் சூட்டப்பட்டது. புது டில்லிப் போர் நினைவிடத்தில் அவருக்குச் சிலை உண்டு. நம் நாட்டிலோ, கொழும்பை அடுத்துப் பாராளுமன்றத்துக்கு அருகே கறுப்புக் கல்லில் அமைதிப் படையினரின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. காணிக் கந்தோருக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொழும்புக்குப் போகும் நம்மவர் அரை மணி நேரம் ஒதுக்கி அந்தக் கல்லண்டை போகலாம். பெயர்களை நிதானமாகப் படித்துப் பாருங்கள். பஞ்சாபியும் மராத்தியரும் கூர்க்கரும் இருப்பார்கள், தமிழரும் இருப்பார்கள். யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் மாண்டவர்களை, அவர்களோடு வேலை செய்தோர் அக்டோபர் மாதந்தோறும் விளக்கேற்றி நினைக்கிறார்கள். அதற்கும் போய் வரலாம்; வவுனியா பஸ் இப்போது ஓடுகிறது.